களஞ்சியக் கொட்டிலுக்கு ஒரு சாய்வுப்பாதை

எமது கிராமங்களில் எழும் சிறு கட்டடங்களைச் சற்று உற்று நோக்கினால், அவை யாவும் நிலத்தைவிட்டு ஓரடியேனும் உயர்ந்து நிற்பதைக் காணலாம். அதற்குத் தக்க காரணம் உண்டு. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரி மழையில் வன்னியின் தாழ்ந்த வளவுகளுக்குள் வெள்ளம் புகுந்துவிடும். உரப்பையும் விதைவெங்காயமும் நீரிறைக்கும் இயந்திரமும் வைத்திருக்கும் கொட்டிலுக்குள் ஒரு முறை வெள்ளம் ஏறினால் அந்தப் போகத்தின் முதல் அங்கேயே போய்விடும். கறையானும் உயர்ந்த அத்திவாரத்தில் சற்றுத் தாமதித்தே ஏறும். ஆகவே மேசன்மார் ஒன்றரை அடி உயர்த்திக் கட்டி, வாசலில் மூன்று படிகளை வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்த மூன்று படிகளையும் ஏற முடியாத ஒருவர் அவ்வளவில் இருப்பாரானால் என்ன செய்வது என்பதுபற்றி எவரும் நினைப்பதில்லை. நாமும் நினைக்கவில்லை.

மீள்குடியேறிய குடும்பங்களுக்கு வீட்டுத்தோட்டத்தோடு களஞ்சியக் கொட்டிலும் அமைத்துக் கொடுக்கும் வேலையில் நாம் ஈடுபட்டிருந்தோம். 10 அடி நீளம், 8 அடி அகலம், தகரக் கூரை, சீமெந்துத் தரை, மூன்று படி. எல்லா வளவுக்கும் ஒரே படம். அவ்வளவுகளில் ஒன்றின் குடும்பத்தலைவர் இறுதி யுத்தத்தில் எறிகணை வீச்சில் இரு கால்களையும் முழங்காலுக்கு மேலே இழந்தவர். கை வலிமை குறையவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் மாறுவார். கத்தரிப் பாத்தியில் களை பிடுங்குவார். ஆனால் ஒரு கத்தியோ சுரண்டியோ வேண்டுமானால், மனைவி கிணற்றடியிலிருந்தோ பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்தோ வரும்வரை முற்றத்தில் காத்திருப்பார். அவருடைய பெயரில் கட்டப்பட்ட கொட்டில். திறப்பும் அவருடைய சட்டைப் பையில். உள்ளே போகத்தான் வழியில்லை.

இதைக் கண்டதும் நாம் அவசரப்பட்டோம். "ஒரு சரிவு போட்டுவிட்டால் சரி" என்று மேசனிடம் சொன்னோம். அவர் ஆறடியில் ஒரு சரிவைப் போட்டு, மேற்பரப்பைக் கரண்டியால் இழுத்துக் கண்ணாடிபோல மினுக்கிக் கொடுத்தார். பார்வைக்கு நன்றாகவே இருந்தது; படமும் எடுத்துக்கொண்டோம். இரண்டு கிழமைக்குள் அவர் அதில் ஏறும்போது நாற்காலியோடு பின்புறமாக விழுந்தார். முழங்கை உரசி, பின் மண்டையில் வீக்கம் கண்டதோடு தப்பினார். அன்று நாம் போய்ப் பார்த்தபோது அவர் கோபிக்கவில்லை. "சுவாமி, இது மோட்டார் சைக்கிளுக்குக் கட்டினது. எனக்குக் கட்டினதில்லை," என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. எங்கள் பகுதி வீடுகளின் முன் விறாந்தையில் இரவில் மோட்டார் சைக்கிளை ஏற்றி வைப்பதற்கென்று ஒரு சிறு சரிவு இருக்கும். மேசனின் கைக்குப் பழகிய சரிவு அதுதான். இயந்திரத்துக்கு இருக்கும் வலு மனிதனின் இரண்டு கைகளுக்கு இல்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம். இக்கட்டுரை, அச்சரிவை உடைத்து இரண்டாம் முறை கட்டியபோது நாம் கற்றவற்றைப் பற்றியது.

ஓர் அங்குலத்துக்கு ஓரடி

சாய்வுப்பாதைக்கான கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்யலாம். உலகின் பல நாடுகளின் கட்டட விதிகள் சக்கர நாற்காலிக்கு 1:12 என்ற சாய்வையே எல்லையாகக் கொள்கின்றன. அதாவது ஏற வேண்டிய உயரம் ஒரு பங்கானால் பாதையின் நீளம் 12 பங்கு. அடி, அங்குலத்தில் அளக்கும் எமது மேசன்மாருக்கு இதை இன்னும் இலகுவாகச் சொல்லலாம்: ஓர் அங்குலம் ஏறுவதற்கு ஓரடி நீளம். கொட்டிலின் தரை 18 அங்குல உயரத்தில் இருந்தால் பாதை 18 அடி. நாம் கட்டியதோ 6 அடி. ஓரடிக்கு மூன்று அங்குலம் ஏறுகிற 1:4 சரிவு அது.

ஆளும் நாற்காலியும் மடியிலுள்ள சாமானுமாக 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1:12 சாய்வில் அந்தப் பாரம் கீழ்நோக்கி இழுப்பது ஏறக்குறைய 7 கிலோவின் இழுவை. 1:6 இல் அது 13 கிலோ. நாம் கட்டிய 1:4 இல் 19 கிலோ. கிணற்றிலிருந்து நீர் நிறைந்த பெரிய வாளியொன்றை இரண்டு கையாலும் இழுத்து, நடுவில் விடாமல் பிடித்திருப்பதைப் போன்றது அது. சற்றே கை தளர்ந்தால் நாற்காலி பின்னோக்கி ஓடும்.

அவர் விழுந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. சக்கர நாற்காலியில் இருப்பவருடைய கால்களின் பாரம் நாற்காலியின் முன்பக்கத்தை அழுத்தி வைத்திருக்கிறது. தொடைக்குக் கீழே கால்கள் இல்லாதவருக்கு அந்த முன்பாரம் கிடையாது. பாரம் முழுவதும் பின் சில்லுகளின் மேலேயே தங்குகிறது. அன்று அவர் கத்தியும் சுத்தியலும் கிடந்த பையை நாற்காலியின் பின் கைபிடியில் வேறு தொங்கவிட்டிருந்தார். செங்குத்தான சரிவில் முன் சில்லு எழும்பியதும் திரும்ப இறக்க வழியிருக்கவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கென்று பின் அச்சு சற்றுப் பின்தள்ளிப் பொருத்தப்பட்ட நாற்காலிகள் உண்டு. அவருக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது அந்த வகையல்ல. சாமான் பையைப் பின்னால் தொங்கவிடாமல் மடியில் வைக்கும்படி இப்போது நாம் எல்லோருக்கும் சொல்லி வருகிறோம். இது செலவில்லாத திருத்தம்.

பின்னால் ஒருவர் தள்ளுவதானால் 1:8 வரையும் சமாளிக்கலாம் என்பர் சிலர். ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டிலில் உரப்பை ஏற்றுவதற்கு மாத்திரமானால் 1:6 உம் போதும். ஆகவே முதற் கேள்வி, இதில் ஏறப்போகிறவர் யார், தனியாகவா துணையோடா என்பதுதான். எமது வீட்டுக்காரருக்குத் தனியாக ஏறுவதே வேண்டியிருந்தது. மனைவியைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வதானால் அவரையே கத்தியை எடுத்துவரச் சொல்லிவிடலாமே!

பலகையில் ஒத்திகை

இரண்டாம் முறை நாம் சீமெந்தைத் தொடவில்லை. மண் நிரப்பிய சாக்குகளை அடுக்கி, அவற்றின் மேல் தடித்த பலகைகளைப் போட்டு, வெவ்வேறு சாய்வுகளில் அவரையே ஏறிப்பார்க்கச் சொன்னோம். பின்னால் இருவர் கை வைக்காமல், ஆனால் கை எட்டும் தூரத்தில் நின்றார்கள். 1:8 இல் ஏறினார். ஆனால் பாதிவழியில் கையை எடுக்க முடியவில்லை. 1:12 இல் ஏறியபோது நடுவில் நின்று, "இதிலை நிண்டு மூச்சு விடலாம், சுவாமி," என்றார். இறங்குவதையும் பார்த்தோம். ஏறுவதைவிட இறங்குவதே பலருக்கு அச்சம். சில்லின் கைவளையத்தைப் பிடித்துப் பிடித்து விடவேண்டியிருப்பதால் உள்ளங்கை சூடாகித் தோல் உரியும். வெயில் நேரத்தில் அந்த உலோக வளையமும் கொதித்துக் கிடக்கும். சாய்வு குறையக் குறைய இந்தத் துன்பமும் குறைகிறது.

அரை நாளில் முடிந்த ஒத்திகை அது. முதல்முறையே இதைச் செய்திருந்தால் ஒரு சரிவைக் கட்டி உடைக்கும் செலவும், அதைவிடப் பெரிதாக ஒரு மனிதரின் விழுகையும் இருந்திராது.

நீளத்தை எங்கே தேடுவது

18 அடி என்றதும் மேசன் தலையில் கை வைத்தார். வாசலுக்கு நேரே வேலி வரைக்கும் 11 அடிதான் இருந்தது. பலரும் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து, "இருக்கிற இடத்துக்குள் போடுவோம்" என்று செங்குத்தான சரிவுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இங்கே உதவியது ஒரு பழைய வழி. ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீரை நிரப்பி, மட்டம் பார்த்தோம். இது எல்லா மேசன்மாருக்கும் தெரிந்த வித்தைதான். ஆனால் நாம் முன்பு உயரத்தை அளந்தது படியின் அடியில் மாத்திரம். பாதை முடியும் இடத்திலல்லவா அளக்க வேண்டும்! எமது கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்த அந்த முற்றம் வேலிப் பக்கம் மூன்று அங்குலம் தாழ்ந்திருந்தது. அந்தப் பக்கம் கட்டினால் 18 அங்குலம் 21 அங்குலமாகி, 18 அடி 21 அடியாகிவிடும். கிணற்றுப் பக்கமோ நிலம் மெல்ல உயர்ந்து, 14 அடிக்கு அப்பால் நான்கு அங்குலம் மேலே இருந்தது. அந்தப் பக்கம் போனால் ஏற வேண்டியது 14 அங்குலம். பாதையும் 14 அடி. நிலத்தின் உயரமே எமக்கு நான்கு அடியைத் தந்துவிட்டது.

ஆகவே பாதையை வாசலுக்கு நேரே நீட்டாமல், வாசலின் முன் ஒரு மட்டமான மேடையை அமைத்து, அங்கிருந்து பக்கவாட்டில் திருப்பி, கொட்டிலின் நீளச் சுவருக்குச் சமாந்தரமாகக் கிணற்றை நோக்கி இறக்கினோம். அவர் தோட்டத்திலிருந்து வருகிற வழியும் அதுவே. முன்னைய சரிவு வேலிப் பக்கம் முடிந்ததால், அவர் கொட்டிலைச் சுற்றி மணலில் உழக்கிக்கொண்டு வரவேண்டியிருந்ததை அப்போதுதான் உணர்ந்தோம்.

மேடையைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலி நின்ற இடத்தில் ஒரு சுற்றுத் திரும்ப ஐந்து அடி விட்டமுள்ள இடம் தேவை. வாசலில் நின்று பூட்டைத் திறக்கும்போது நாற்காலி சரிவில் நிற்குமானால், ஒரு கை பூட்டிலும் மறு கை சில்லிலுமாக இருக்க வேண்டும். ஒரு கையால் பூட்டுத் திறப்பது எவ்வளவு சிரமம் என்பதை நீங்களே முயன்று பாருங்கள். எனவே மேடை மட்டமாகவும் 5 அடிக்குக் குறையாமலும் இருக்கட்டும். நாம் 5 அடி நீளத்தில், சுவரிலிருந்து ஐந்தரை அடி வெளியே வரும்படி கட்டினோம். பாதை வளைந்து திரும்பும் இடங்களிலும், உயரம் இரண்டரை அடியைத் தாண்டினால் நடுவிலும் இத்தகைய மேடை வேண்டும்.

பழைய படிகளை நாம் அகற்றிவிடவில்லை. மேடையின் முன்பக்கம் திருத்தி அமைத்து, பிடிப்பதற்குக் குழாயும் வைத்தோம். செயற்கைக் கால் அணிந்தவர்களில் பலருக்குச் சரிவைவிடப் படியே வசதி. கணுக்கால் மடங்காத பாதம் சரிவில் சரியாகப் பதியாது. அவ்வீட்டு முதிய தாயாரும் பிடியைப் பற்றிக்கொண்டு படியால் ஏறுவதையே விரும்புகிறார்.

கட்டியவிதம்

பாதையைக் கொட்டிலின் சுவரோடு ஒட்டிக் கட்டக்கூடாது என்பதில் நாம் உறுதியாக இருந்தோம். சுவரோடு மண்ணை நிரப்பினால் ஈரம் ஏறும். ஈரத்தைத் தொடர்ந்து கறையான் ஏறும். நாலு விரல் இடைவெளி விட்டாலோ சருகு சேர்ந்து பாம்பு குடியிருக்கும். அதனால் ஒன்றரை அடி விட்டோம். தும்புத்தடி போட்டுக் கூட்டலாம். கூரைத் தாழ்வாரத்திலிருந்து சொட்டும் மழைநீரும் பாதையில் விழாமல் அந்த இடைவெளிக்குள்ளேயே விழுந்து ஓடிவிடும். மேடை மாத்திரம் சுவரைத் தொட வேண்டியிருந்ததால், அங்கே சுவருக்கு இரண்டு மடிப்புப் பொலித்தீனை மறைப்பாக வைத்து, வாசலுக்கு மேலே ஒரு பீலியும் பொருத்தினோம். பீலித் தண்ணீர் பீப்பாய்க்குள் போகிறது.

பாதையின் மொத்த அகலம் 4 அடி. இருபக்கமும் சீமெந்துக் கல்லில் சிறு சுவர் எழுப்பி, அவற்றுக்கு நடுவே கிறவலை ஆறு ஆறு அங்குலமாகக் கொட்டி, நீர் தெளித்து, மரக்கட்டையால் இடித்து இறுக்கினோம். இதில் அவசரம் கூடாது. முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டி மேலே மாத்திரம் இடித்தால், முதல் மாரியிலேயே உள்ளே மண் இறங்கி, மேல்தளம் வெடித்துவிடும். கிறவலின் மேல் மூன்று அங்குலத் தடிப்பில் கொங்கிறீற். ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு கல். மேடைக்கும் அதே கலவை. பக்கச் சுவர்கள் உட்பட ஏழு பை சீமெந்து போதுமாயிருந்தது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் சீமெந்து விலை ஏறிய பின்னர் ஏழு பை என்பதும் சிறு காரியமல்ல என்பதை அறிவோம்; கல் அரிவதும் கிறவல் இடிப்பதும் அயலவர்களின் சிரமதானத்தால் நடந்தன.

சாய்வு சரியாக வருகிறதா என்று பார்க்க, மேலேயும் கீழேயும் முளையடித்து நூல் கட்டினோம். ஒவ்வோர் அடிக்கும் நூல் ஓர் அங்குலம் இறங்க வேண்டும். நடுவில் வயிறு விழுந்தாலும் முதுகு எழும்பினாலும், அந்த ஓரிடத்தில் சாய்வு கூடிவிடும். மொத்தக் கணக்கு சரியாக இருந்தாலும் அவ்விடத்தில் நாற்காலி நின்றுவிடும்.

இருபக்க விளிம்பிலும் நான்கு அங்குல உயரத்தில், நான்கு அங்குல அகலத்தில் ஒரு தடுப்பு வைத்தோம். சில்லு வெளியே நழுவாமலிருக்க இது அவசியம். இருபக்கத் தடுப்பும் போக நடுவே 3 அடி 4 அங்குலம் எஞ்சுகிறது. சாதாரண சக்கர நாற்காலியின் அகலம் 26 அங்குலமளவில் இருப்பதால் கையை வீசித் தள்ள இது தாராளம். தடுப்பில் ஐந்தடிக்கு ஒன்றாகச் சிறு துவாரம் விட மறந்துவிட வேண்டாம். இல்லாவிட்டால் பாதை மழைக்கு வாய்க்காலாகிவிடும்.

கைபிடிக்கு ஒன்றரை அங்குலக் குழாயை இருபக்கமும் பொருத்தினோம். நடப்பவர்களுக்கு மூன்றடி உயரம் நல்லது. நாற்காலியில் இருப்பவர் பிடித்து இழுத்து ஏறுவதற்கு அது உயரம் என்று அவர் சொன்னபடியால், இரண்டேகால் அடியில் இன்னொரு குழாயையும் சேர்த்தோம். குழாய்க்கு வசதியில்லாத இடங்களில் வைரமேறிய பனஞ்சிலாகையைச் சீவி, சிராய் போக உரஞ்சிப் பயன்படுத்தலாம்.

மேற்பரப்பை முடிக்கும்போது மேசனோடு ஒரு சிறு வாக்குவாதம் ஏற்பட்டது. மினுக்கம் இல்லாவிட்டால் தன் வேலையை ஊரார் குறை சொல்வார்கள் என்பது அவர் கவலை. ஆனால் மினுக்கிய சீமெந்தில் மழை பட்டுப் பாசி பிடித்தால், அதைவிட வழுக்கும் இடம் வேறில்லை. கொங்கிறீற் இறுகுமுன், தும்புத்தடியைச் சரிவுக்குக் குறுக்காக இழுத்துக் கோடு போடச் செய்தோம். நெடுக்காக இழுத்தால் பயன் குறைவு. பின்னர் ஏழு நாட்கள் ஈரச்சாக்கு போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் விட்டோம். அவரே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

பாதையின் அடிப்பகுதியே எப்போதும் முதலில் பழுதாகும். சரிவு நிலத்தைத் தொடும் இடத்தில் கொங்கிறீற் தகடாக மெலிந்து முடிந்தால் சில்லு பட்டுப் பட்டு உடையும். ஆகவே அவ்விடத்தில் நிலத்தை நான்கு அங்குலம் வெட்டி, தடிப்புக் குறையாமல் மண்ணுக்குள்ளேயே முடித்தோம். அதற்கப்பால் ஐந்தடிக்கு ஒரு மட்டமான தளம். அதிலிருந்து கிணற்றடி வரை நான்கடி அகலத்தில் கிறவல் இட்டு இறுக்கிய நடைபாதை. எமது மணற்றரையில் நாற்காலியின் சிறிய முன் சில்லுகள் புதைந்துவிடும். பாதையின் வாயிலுக்கே வந்துசேர முடியாதவருக்குப் பாதை இருந்தென்ன!

வாடகை வளவில் இருப்பவர்களும், சீமெந்துக்கு வழியில்லாதவர்களும் பலகையாலும் இதைச் செய்யலாம். கணக்கு ஒன்றேதான். பலகைகளைக் குறுக்காகவே அடிக்க வேண்டும். இடைவெளி அரை அங்குலத்துக்கு மேற்படக்கூடாது. கால்கள் மண்ணைத் தொடாமல் சீமெந்துக் கல்லின் மேல் நிற்கட்டும். ஆனாலும் கறையானும் மழையும் பலகையை நீண்ட காலம் விட்டுவைப்பதில்லை. ஒவ்வொரு மாரிக்கு முன்னும் ஒவ்வொரு பலகையையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: எல்லா வளவுக்கும் பாதை தேவைப்படுவதில்லை. கத்தி, சுரண்டி, விதைப் பேணி போன்ற கைச்சாமான்கள் மட்டுமே வேண்டுமெனில், கொட்டிலின் வெளிச்சுவரில் தாழ்வாரத்தின் கீழே, கை எட்டும் உயரத்தில் ஒரு பூட்டுள்ள பெட்டியை அடித்துக் கொடுத்தால் போதும். அயற்கிராமத்தில் ஒரு பெண்மணிக்கு நாம் செய்தது அதுவே. அவர் ஒரு நாளும் கொட்டிலுக்குள் போக விரும்பியதில்லை, கேட்டபோதுதான் தெரிந்தது.

வாசலும் உள்ளும்

பாதை முடிந்ததும் அவர் ஏறி மேடைக்கு வந்தார், வாசலில் நின்றுவிட்டார். வாசல் இரண்டரை அடி. கதவும் நிலையும் போக, நாற்காலி நுழைந்தால் கைவிரல் இருபக்கமும் உரசியது. நிலையின் அடிமரம் இரண்டு அங்குலம் எழும்பி நின்றது. ஓர் அங்குலத் தடை முன் சில்லை நிறுத்தப் போதும். ஆக, 14 அடியைக் கட்டி முடித்துவிட்டு இரண்டு அங்குலத்தில் தோற்றுப்போயிருந்தோம். ஓடாவியாரை அழைத்து, வாசலை மூன்றடியாக்கி, அடிமரத்தை அறுத்து எடுத்தோம். மழைநீர் உள்ளே போகாமலிருக்க, மேடையை வாசலிலிருந்து வெளிப்பக்கமாக நாலடிக்கு ஓர் அங்குலம் சாய்த்திருந்தது இப்போது உதவியது. வெளிப்புறமாகத் திறந்த கதவு, மேடையில் நிற்கும் நாற்காலியைப் பின்தள்ளியதால், அதைச் சுவரோடு பக்கவாட்டில் ஓடும் தகரக் கதவாக மாற்றினோம். ஐந்தரை அடி உயரத்தில் இருந்த பூட்டுக் கொண்டி மூன்றடிக்கு இறங்கியது.

உள்ளேயும் வேலை இருந்தது. நடுவில் ஐந்தடி இடம் வெறுமையாக இருந்தாலன்றி நாற்காலி திரும்பாது. பின்பக்கமாகவே வெளியே வரவேண்டும். ஆகவே நடுவில் குவிந்திருந்த உரப்பைகளைச் சுவரோரம் மரத்தட்டில் அடுக்கினோம். தட்டுகளை ஒன்றரை அடிக்கும் நாலடிக்கும் இடைப்பட்ட உயரத்தில் அமைத்தோம். அதற்கு மேலேயும் கீழேயும் உட்கார்ந்திருப்பவரின் கை வசதியாக எட்டாது. அவருடைய மனைவி மேல்தட்டை விடவில்லை. பூச்சிமருந்து அங்கேதான் இருக்கட்டும், பிள்ளைகள் எடுத்துவிடுவார்கள் என்றார். அதுவும் நியாயமே. மருந்தை மாத்திரம் பூட்டுள்ள பெட்டிக்குள் வைத்து, அவர் கைக்கும் எட்டும்படி செய்தோம். மருந்து கலப்பது அவருடைய வேலையாயிற்றே.

இன்று அந்தப் பாதையில் அதிகம் ஓடுவது சக்கர நாற்காலி அல்ல, தள்ளுவண்டில்தான். 50 கிலோ உரப்பையை மூன்று படியால் முதுகில் சுமந்து ஏற்றிய அவர் மனைவி இப்போது வண்டிலில் தள்ளிக்கொண்டு போகிறார். நீரிறைக்கும் இயந்திரத்தையும் ஒருவரே உருட்டி உள்ளே வைக்கலாம்.

சட்டமும் எமது கட்டடங்களும்

வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க எமது நாட்டில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அதன் கீழ் 2006 இல் கட்டடங்களுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வெளியாயின. 2009 ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் புதிய பொதுக் கட்டடங்களில் இவ்வசதிகளைச் செய்யும்படி பணித்தது. 2016 பெப்ரவரியில் இதுபற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிசெய்தது. ஆயினும் இவ்விதிகள் நோக்குவது பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களையே. வளவுக்குள் இருக்கும் கொட்டிலையும் மலசலகூடத்தையும் கோழிக்கூட்டையும் எந்த அதிகாரியும் வந்து அளக்கப் போவதில்லை. படம் வரைகிற எம்மைப் போன்றவர்களின் மேசையிலேயே அது தீர்மானமாகிறது. அயலவர்களை அழைத்து இவ்விதிகளை விளக்குவதற்கு நாம் கூட்டம் வைத்த பங்கு மண்டபத்தின் வாசலில் ஐந்து படிகள். அன்று அவரை நால்வர் நாற்காலியோடு தூக்கித்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். மண்டபத்துக்கான அளவை எடுத்திருக்கிறோம்: 33 அங்குலம். இரண்டரை அடிக்கு மேற்பட்டதால் நடுவில் ஒரு மேடையும் வேண்டும். இடம் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எமது கொட்டில் படத்தையும் மாற்றிவிட்டோம். வாசல் மூன்றடி. நிலத்தின் உயர்ந்த பக்கத்தை நோக்கியே வாசல். அப்பக்கம் 20 அடி வெறுமையாக விடப்படும். இன்று தேவையில்லாத வீட்டிலும், வீட்டுக்காரர் முதுமையடையும் காலத்தில் ஒருநாள் தேவைப்படலாம். கட்டும்போதே இடம் விடுவதற்குச் செலவு ஏதுமில்லை.

முதல் மாரி கழிந்ததும் பாதையைப் போய்ப் பார்த்தோம். சரிவும் மேடையும் பழுதின்றி இருந்தன. அடித்தளத்துக்கும் கிறவல் நடைபாதைக்கும் இடையே மண் அரித்து, முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. நாம் போகுமுன்னரே அவர் கடகத்தில் கிறவல் அள்ளி, நாற்காலியில் இருந்தபடியே கொட்டி, கட்டையால் இடித்துக்கொண்டிருந்தார். கட்டை கொட்டிலுக்குள் இருந்தது. தானே எடுத்து வந்திருந்தார்.